கொற்கையை விட்டு கடல் போச்சா, ஆறு கடலைத் தள்ளிச்சா?

ஏரல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு கெடக்குற கேள்வி, இங்க வெவரம் தெரிஞ்சவுக இருக்கீகன்னு போடுதேன். எனக்கு ஏரல். பக்கத்துலதான் கொற்கை. பாண்டியனோட துறைமுகம், முத்துக் குளிச்ச ஊரு, ரோமாபுரி வரைக்கும் பேர் போனதுன்னு எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். இப்ப அங்கன போனீகன்னா வாழையும் நெல்லும் ஒரு பெரிய குளமும், வெற்றிவேல் செழிய நங்கை அம்மன் கோயிலும், ஒரு பழைய வன்னி மரமும்தான். கடலைப் பாக்கணும்னா கிழக்க ஆறேழு கிலோமீட்டர் போவணும்.

யூட்யூப்ல ஒருத்தர் சுனாமி வந்து அழிஞ்சுட்டுங்காரு. இன்னொருத்தர் கடல் உள்வாங்கிட்டுங்காரு. எங்க ஐயா உயிரோட இருக்கும்போது ஆறு மண்ணடிச்சு மூடிட்டுன்னு ஒரே வரியில முடிச்சிருவாரு. இதுல எதுவே சரி?

சென்னை_கார்த்தி:

ப்ரோ இதுல என்ன டவுட், கடலுக்கடியில ஒரு பெரிய நகரமே இருக்கு. பூம்புகார், குமரிக்கண்டம் எல்லாம் ஒரே கதைதான், கடல் கொண்டது. கவர்மென்ட்டே 2021ல கொற்கைக்கு எதிர்ல கடலுக்கடியில ஆய்வு பண்ணப்போறோம்னு அறிவிச்சாங்களே, ஒன்னும் இல்லாமலா அறிவிப்பாங்க.

மண்வாசி:

கார்த்தி தம்பி, ஒரு கேள்வி கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன். கடல் கொண்டிருந்தா கொற்கை தண்ணிக்குள்ளதான இருக்கணும், அது எப்படி வாழைத்தோட்டத்துக்கு நடுவுல இருக்கு? கடல் பக்கத்துல வந்தா ஊர் முழுகும், கொற்கையில நடந்தது நேர் எதிர், கடல் தூரமா போயிருச்சு. ரெண்டையும் ஒரே கதைன்னு கட்ட முடியாது.

நான் படிச்சது ஜியாலஜி, பொழப்பு நிலத்தடி நீர் சர்வே, அதனால மண்ணு பக்கத்துல இருந்து சொல்றேன். கடைசிப் பனியுகம் உச்சத்துல இருந்தப்ப, ஒரு 20,000 வருசத்துக்கு முன்னாடி, கடல்மட்டம் இப்ப இருக்கறதவிட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவோட ஆழமில்லாத கரையோரமும் அப்ப தரை, இலங்கைக்கு நடந்தே போகலாம். அப்புறம் பனி உருகி உருகி கடல் ஏறிட்டே வந்து 6,000 – 7,000 வருசத்துக்கு முன்னாடி கிட்டத்தட்ட இன்னைக்கு இருக்கற மட்டத்துக்கு வந்துருச்சு, அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் ஒன்னு ரெண்டு மீட்டர் ஏத்த இறக்கம்தான். கொற்கைத் துறைமுகம் கொடிகட்டிப் பறந்தது ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி. அந்தக் காலத்துல கடல்மட்டம் தடாலடியா மாறல.

அப்ப ஆறேழு கிலோமீட்டர் நிலம் எங்கிருந்து வந்துச்சு? தாமிரபரணிதான். பொதிகையில இருந்து 128 கிலோமீட்டர் ஓடி வர்ற ஆறு, வழியில சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு, சிவலப்பேரியில சிற்றாறுன்னு எல்லாத்தையும் சேத்துக்கிட்டு வருது. மலையில இருக்கறவரைக்கும் வேகம், ஸ்ரீவைகுண்டம் தாண்டினதும் சரிவே கிடையாது. வேகம் கொறைஞ்சா சுமந்து வந்த மண்ணைப் போடத்தான செய்யும். மொதல்ல பெருமணல், அப்புறம் பொடிமணல், கடைசியா வண்டலும் களியும். வாய்க்கால் தண்ணி வயலுக்குள்ள நுழையற மடைவாயில ஒரு மணல் மேடு விழுந்திருக்கும் பாத்திருப்பீங்க, அதே வேலைதான், ஆனா ஆயிரக்கணக்கான வருசம்.

கடல் அந்த மண்ண சும்மா விடாது. அலையும் கரையோர நீரோட்டமும் சேந்து அதை அள்ளி கரைக்கு இணையா நீளமா ஒரு மணல் திட்டு போடும். திட்டுக்குப் பின்னாடி தண்ணி தேங்கி காயல் ஆகும். அடுத்தடுத்த வெள்ளத்துல அந்தக் காயல் வண்டல் நெறைஞ்சு சேறாகும், சேறு உப்பளமாவோ வயலாவோ ஆகும். அதுக்குள்ள ஆறு முன்னாடி போயி இன்னொரு திட்டுக்கு மண்ணு கொண்டு வந்திருக்கும். இப்படி படிப்படியா நிலம் கிழக்க நகரும். நம்ம கடல்ல ஓதம், அதாவது தண்ணி தினமும் ஏறி இறங்கற அளவு, ஒரு மீட்டர்கூட கிடையாது, அதனால வந்த மண்ணை வெளிய இழுத்துட்டுப் போற சக்தியும் கம்மி.

உங்க ஐயா சொன்னதுதான் சரி.

புகார்_செல்வி:

மண்வாசி அண்ணா சொன்னதுக்கு எங்க ஊரே சாட்சி, ஆனா தலைகீழா. எங்களுக்கு சீர்காழிப் பக்கம். பூம்புகார்ல கடல் வருசா வருசம் கரையைத் தின்னுது, கல்லு கொட்டி தடுத்துட்டு இருக்காங்க. கொற்கையில கடல்மட்டம் இறங்கி ஊர் உள்ள போச்சுன்னு வச்சுக்கிட்டா, அதே கடல் பூம்புகார்ல எப்படி ஏறும்? நடுவுல கதவா போட்டிருக்கு?

எங்க ஊர்ல பிரச்சனை என்னன்னா ஆத்துல மண்ணே வர்றது இல்ல. காவிரித் தண்ணியில பெரும்பகுதி, அதுவும் வெள்ளத் தண்ணி, முக்கொம்புல பிரிஞ்சு கொள்ளிடத்துல போயிடுது. பூம்புகார்ல கடல்ல சேர்ற காவிரியப் பாத்தா அழுகை வரும், வாய்க்கால் மாதிரி இருக்கும். மண்ணு கொண்டு வந்து கொட்ட ஆளில்ல, அலை மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கு, கரை கரையாம என்ன செய்யும்.

ஆனா பூம்புகார் முழுசும் கடலுக்குள்ளதான் இருக்குன்னு சொல்றதும் சரியில்ல கார்த்தி. கீழையூர்ல 1960கள்ல தோண்டினப்ப செங்கல்லுல கட்டின படகுத்துறை, படகைக் கட்டுற மரக்கம்பத்தோட கிடைச்சது. அது இன்னைக்கும் தரையிலதான் இருக்கு.

சென்னை_கார்த்தி:

ஓகே அக்கா, லாஜிக் புரியுது. ஆனா ஆறு மண்ணு போட்டதுன்னு சொல்றது தியரிதான, கொற்கையில அதுக்கு ப்ரூஃப் என்ன இருக்கு?

மண்வாசி:

நல்ல கேள்வி. மொதல் ப்ரூஃப், துறைமுகங்களோட வரிசை. மேப்ப எடுத்து வச்சுக்கிட்டு கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல்னு விரலை வச்சுப் பாரு, மேற்கே இருந்து கிழக்க போகும். காலமும் அதே வரிசைதான். முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின கடல்வழிக் கையேட்டுல கொல்கோய்னு கொற்கை வருது, பாண்டிய நாடு, தண்டனை பெற்ற கைதிகளை வச்சு முத்துக் குளிக்கிறாங்கன்னு. 13ம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ வரும்போது கொற்கை பேச்சே இல்ல, காயல்தான் பெரிய துறைமுகம். போர்த்துக்கீசியர் வரும்போது புன்னைக்காயல். ஒவ்வொரு தடவையும் முகத்துவாரம் நகர நகர ஊரும் பின்னாடியே போயிருக்கு. கால்டுவெல் 1881ல வந்த திருநெல்வேலிச் சரித்திரத்துலயே இதை இப்படித்தான் விளக்கியிருக்காரு, அவருக்கு சாட்டிலைட் படமெல்லாம் கிடையாது, இடையன்குடியில இருந்துக்கிட்டு நேரா வந்து பாத்து எழுதினது.

ரெண்டாவது ப்ரூஃப் மண்ணுக்குள்ள. ஏரல்காரன் தம்பி, உங்க பக்கம் கிணறு வெட்டினா என்ன வரும்னு நீங்களே சொல்லுங்க.

ஏரல்காரன்:

சிப்பி வரும் அண்ணாச்சி! கொற்கை, மாரமங்கலம், உமரிக்காடு பக்கம்லாம் ஆழமா வெட்டினா கருப்பா நாத்தம் புடிச்ச களி வரும், அதுக்குள்ள சிப்பியும் சங்கு உடைசலும் கெடக்கும். சின்னப்புள்ளையில அதைப் பொறுக்கி வெளையாடியிருக்கோம். எங்காச்சி சமுத்திரத்துல உள்ளது இங்க எப்படி வந்துச்சும்பா.

மண்வாசி:

அந்தக் கருப்புக் களிதான் பழைய காயலோட தரை. ஆக்சிஜன் இல்லாம அழுகின இலை தழையால வர்ற நிறமும் நாத்தமும் அது. அதுக்கு மேல பழுப்பு வண்டல் இருந்தா ஆத்து வெள்ளம் போட்டது. கீழ உப்புத்தண்ணி, மேல நல்லதண்ணி, இந்த ஒரு குழிக்குள்ளயே மொத்தக் கதையும் அடுக்கி வச்சிருக்கு. களிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஓடுங்க இருக்கும், ஃபொராமினிஃபெரான்னு சொல்லுவாங்க, அதை மைக்ராஸ்கோப்ல பாத்தா தெறந்த கடலா, கழிமுகமா, சதுப்பான்னு சொல்லிடலாம். சிப்பியை கார்பன் டேட்டிங் பண்ணலாம், ஆனா அதுல ஒரு சிக்கல், கடல்தண்ணியில இருக்கற கார்பன் பழசு, அதனால கடல் சிப்பி நிஜ வயசைவிட சில நூறு வருசம் கூடுதலாக் காட்டும். அதைக் கழிச்சுட்டுத்தான் பேசணும். இதைக் கழிக்காம நாலு பேர் பேட்டி குடுத்துட்டுத் திரியறாங்க, அது வேற விசயம்.

தாழிக்காடு:

லேட்டா வர்றேன், மன்னிக்கவும். எல்லாரும் கொற்கையிலயே நிக்கிறீங்க, கொஞ்சம் மேல ஏறி ஆதிச்சநல்லூரையும் சிவகளையையும் பாக்கணும். ஏன்னா ஜனங்க எங்க குடியிருந்தாங்க, எங்க பொதைச்சாங்கங்கறதுலயே அந்தக் காலத்து நிலம் தெரியும்.

ஆதிச்சநல்லூர்ல 1876லயே பெர்லின்ல இருந்து ஜாகோர்னு ஒருத்தர் வந்து தோண்டி, செத்தவங்களைப் பொதைச்ச முதுமக்கள் தாழிகளை எடுத்துட்டுப் போனாரு. அப்புறம் அலெக்சாண்டர் ரீ 1900களோட தொடக்கத்துல தோண்டி தங்க நெற்றிப்பட்டம், வெண்கலத்துல எருமை, சேவல், நாய், இரும்பு வாள், வேல்னு அள்ளினாரு, பலது எழும்பூர் மியூசியத்துல இருக்கு. சுடுகாட்டோட பரப்பு மட்டும் 114 ஏக்கர். 2004ல மத்திய தொல்லியல் துறை திரும்பத் தோண்டினப்ப நூத்துக்கும் மேல தாழி வந்துச்சு.

இப்ப அந்த இடத்துல நின்னு பாருங்க. எங்க ஆளுங்க பரம்புன்னு சொல்ற கல்லும் சரளையுமான மேடு. ஒன்னும் விளையாது. ஆத்துல எவ்வளவு வெள்ளம் வந்தாலும் ஏறாது. அங்க குழி வெட்டி தாழி எறக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல, பாறையை ஒடைச்சிருக்காங்க. ஆத்தோர மெது மண்ணுல பொதைச்சிருந்தா ஒரு மணி நேர வேலை. அதை விட்டுட்டு ஏன் பாறைக்குப் போனாங்க? என்னோட கணக்கு, ஆத்தோரம் பூரா அப்பவே நெல்லுக்கு ஒதுக்கின நிலம், செத்தவங்களுக்கு அங்க இடம் கெடயாது. சிவகளையிலயும் இதே கதை, சிவகளைப் பரம்புலதான் தாழிக. அங்க ஒரு தாழிக்குள்ள இருந்த நெல் உமியை டேட் பண்ணி கி.மு. 1155ன்னு 2021 செப்டம்பர்ல சட்டசபையில முதல்வர் அறிவிச்சாரு. அதாவது கிட்டத்தட்ட மூவாயிரத்து இருநூறு வருசத்துக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தாக்குல நெல்லு வெளைஞ்சிருக்கு. நெல்லு வெளையணும்னா வண்டல் வேணும், தேங்குற தண்ணி வேணும். ஆறு அப்பவே வண்டலைப் பரப்ப ஆரம்பிச்சிருச்சு.

சென்னை_கார்த்தி:

ஆனா 2025ல இரும்பு கி.மு. 3345ன்னு வந்துச்சே, அது சிவகளைதான? 5300 வருசம்! அப்ப கொற்கைக்கு முன்னாடியே அங்க பெரிய சிட்டி இருந்திருக்கு. யாரும் அதப் பத்தி பேச மாட்டேங்கறீங்க.

தாழிக்காடு:

பேசுவோம். 2025 ஜனவரியில தமிழக தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை அது, தாழிக்குள்ள இரும்போட கிடைச்ச கரித்துண்டை வெளிநாட்டு லேப் உள்பட வெவ்வேற இடத்துல டேட் பண்ணினதுல கி.மு. 3345 வரைக்கும் போகுது. பெரிய விசயம், நான் கொறைச்சு சொல்லல. ஆனா ரெண்டு சங்கதி கவனி. ஒன்னு, அதே பரம்புல நெல் உமி 1155, கரி 3345. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஒரே இடத்துல பொதைச்சிருக்காங்களா, இல்ல பழைய மரத்தோட கரி பின்னால வந்த தாழியில விழுந்துச்சா? மரம் எப்ப வளர்ந்துச்சோ அந்தத் தேதியைத்தான் கரி காட்டும், எப்ப எரிச்சாங்கங்கறதை இல்ல. ஆய்வாளர்கள் நடுவுலயே இந்த விவாதம் ஓடுது, இன்னும் நிறைய தாழியில இருந்து தேதி வந்தா தெளிஞ்சிரும். ரெண்டாவது, சுடுகாட்டை வச்சு சிட்டின்னு சொல்லக்கூடாது. வீடு வாசல், அடுப்பு, குப்பைமேடு வரணும்.

ஒரு வேடிக்கை என்னன்னா பரம்பு மேட்டுல இருக்கற தாழி தப்பிச்சிருச்சு, கீழ ஆத்தோரம் குடியிருந்த ஊருங்க வண்டலுக்கு அடியில போயிருச்சு. அதான் நமக்கு செத்தவங்க வீடு தெரியுது, இருந்தவங்க வீடு தெரியல. ஆதிச்சநல்லூர்ல 2004ல தோண்டினப்ப குயவர் சூளையும் கொஞ்சம் குடியிருப்புத் தடயமும் வந்துச்சு, ஆனா தாழிங்களோட எண்ணிக்கைக்கு முன்னாடி அது ஒன்னுமே இல்ல.

ஏரல்காரன்:

கொற்கையில வீடு வாசல் வரலியா?

தாழிக்காடு:

வந்துருக்கு தம்பி. 1968-69ல மாநிலத் தொல்லியல் துறை தோண்டி கார்பன் டேட்டிங்ல கி.மு. 785ன்னு ஒரு தேதி வந்துச்சு, தமிழ்நாட்டுல அப்ப அது பெரிய நியூஸ். 2021ல திரும்பத் தோண்டினாங்க. செங்கல் கட்டுமானம், ஒன்பது அடுக்கு துளை போட்ட சுடுமண் குழாய், சங்கு அறுத்து வளையல் பண்ணின கழிவு எல்லாம் வந்துச்சு. சங்கு வேலை நடந்த ஊருன்னா கடல் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சுன்னு அர்த்தம்.

காயல்_மரைக்கான்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மண்வாசி அண்ணன் போற போக்குல மார்க்கோ போலோ பாத்த காயலை பழையகாயல்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அது கால்டுவெல் சொன்னது. எங்க காயல்பட்டினத்துல இதை ஒத்துக்க மாட்டோம், எங்க ஊரு பள்ளிவாசல்களும் கல்வெட்டுகளும் அவ்வளவு பழசு. இந்தச் சண்டை நூறு வருசத்துக்கு மேல ஓடுது, இந்த இழையில முடியாது, பதிவு பண்ணிட்டுப் போறேன்.

ஆனா ஒரு விசயம் ரெண்டு காயலுக்கும் பொது. ஹோர்முஸ், கிஷ், ஏடன்ல இருந்து குதிரை ஏத்தின கப்பலெல்லாம் காயலுக்கு வரும்னு போலோ எழுதுறாரு. வருசா வருசம் பாண்டியர்கள் ஆயிரக்கணக்குல குதிரை வாங்கினாங்க. அவ்வளவு பெரிய கப்பல் கழிமுகத்துக்குள்ள நொழைய முடியுமா? எங்க மூத்தாப்பாமார் காலத்துல தூத்துக்குடிக்கே கப்பல் வெளிய பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், தோணியிலதான் சரக்கு எறங்கும். 1974ல புதுத் துறைமுகம் வர்றவரைக்கும் அதே நிலைதான். அதனால கொற்கையிலயும் பெரிய கப்பல் வெளிய நின்னு, சின்ன வள்ளத்துல சரக்கு ஆத்து வழியா ஊருக்குள்ள போயிருக்கும். துறைமுகம்னா சினிமாவுல வர்ற மாதிரி கல் படியில அலை மோதணும்னு இல்ல.

முத்துக் குளிக்கிறதும் அப்படித்தான். முத்துப்பார் இருக்கறது கடலுக்குள்ள, அங்க தோணியில போய் முங்கி எடுப்பாங்க. கடைசியா 1961ல நடந்துச்சு. ஊர் கரையை ஒட்டி இருக்கணும்னு கட்டாயமில்ல.

மண்வாசி:

காயல் அண்ணன் சொன்னது அருமையான பாயிண்ட். தாலமிங்கற புவியியல் அறிஞர் ரெண்டாம் நூற்றாண்டுல எழுதினப்ப கொல்கோய்னு ஊரைத் தனியா சொல்றாரு, சோலேன்னு ஆத்து முகத்தைத் தனியா சொல்றாரு. ரெண்டும் ஒரே இடம் இல்ல. கொற்கை கழிமுகத்துக்கு உள்ள, அலை அடங்கின ஒரு காயலோட கரையிலதான் இருந்திருக்கும்ங்கறது என் எண்ணம். சரிஞ்சு விழுந்த கதை இல்ல இது. காயல் ஆழம் கொறைஞ்சு, வள்ளம் தரைதட்ட ஆரம்பிச்சு, வியாபாரி ஒவ்வொருத்தரா கிழக்க போயிருப்பான். ஒரே நாள்ல அழிஞ்சதா கதை எழுதினாத்தான் வீடியோ ஓடும், என்ன பண்றது.

தேரிமேடு:

சாயர்புரத்துல இருந்து எழுதுறேன். ஆறு, கடல்னே பேசுறீங்க, தேரியை விட்டுட்டீங்களே. டெல்டாவுக்கு வடக்கே சாயர்புரம் தேரி, தெக்கே குதிரைமொழித் தேரி, ரத்தச் செவப்பா மணல். இந்தத் தேரிங்கள்ல குட்டிக் குட்டியா கல் ஆயுதம் கிடைக்கும். 1956ல ஸாய்னர், ஆல்ச்சின்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் இதை ஆய்வு பண்ணி எழுதினாங்க. கொற்கைக்கு ரொம்ப முன்னாடி, கடல் இந்த மட்டத்துக்கு வந்த காலத்துல, மணல்மேட்டு மேல உக்காந்து மீனும் மானும் புடிச்சுத் தின்ன ஜனங்க. அதனால இந்தப் பள்ளத்தாக்குல மொதக் குடி பாண்டியன்னு நினைக்காதீங்க.

மண்வாசி:

சரியாச் சொன்னீங்க. தேரி மணலுக்கு ஓஎஸ்எல்னு ஒரு முறை இருக்கு, மணல் கடைசியா எப்ப வெயிலைப் பாத்துச்சுன்னு கணக்குப் பண்ணும். அந்த செவப்பு, மணலைச் சுத்திப் படிஞ்ச இரும்பு ஆக்சைடு. காத்து மேற்கே இருந்து அள்ளிட்டு வந்து கொட்டின மணல் அது, ஆத்து வேலை இல்ல. ஆறு ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம், அலை ஒரு பக்கம்னு மூணும் சேந்து பண்ணின நிலம்.

வாய்க்கால்_வாத்தியார்:

பொதுப்பணித் துறையில இருந்து ரிட்டயர்டு ஆனவன். நீங்க எல்லாரும் இயற்கையையே சொல்றீங்க, மனுசன் பண்ணினதையும் கணக்குல எடுக்கணும். தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் 1870கள்ல வெள்ளைக்காரன் கட்டினது, மத்த ஏழும் அதுக்கு முன்னாடி நம்மாளு கட்டினது. ஸ்ரீவைகுண்டத்துல இருந்து வடகால், தென்கால் பிரிஞ்சு போய்த்தான் கொற்கைக் குளம், பேய்க்குளம், கோரம்பள்ளம், தெக்க கடம்பாகுளம் எல்லாம் நெறையுது.

இதனால என்ன ஆச்சு? ஆறு தானா பரப்பின வண்டலை நாம வாய்க்கால் வெட்டிக் குளத்துக்குள்ள போட வச்சோம். கடலுக்குப் போக வேண்டிய மண்ணுல ஒரு பங்கு குளத்துல தங்கிருச்சு. மேல பாபநாசம் அணை, 1958ல மணிமுத்தாறு அணை வந்ததும் மலை மண்ணு அங்கயே நின்னுபோச்சு. மிச்சத்தை லாரியில அள்ளினாங்க, ஹைகோர்ட் மதுரைக் கிளை 2010ல தாமிரபரணியில மணல் அள்ளத் தடை போடற அளவுக்குப் போச்சு. ஸ்ரீவைகுண்டம் அணையில வண்டல் நெறைஞ்சு தண்ணி நிக்க இடமில்லாம, பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி 2015ல தூர்வாரினாங்க. ரெண்டாயிரம் வருசமா நிலத்தைக் கட்டின ஆறு, இன்னைக்கு அந்த வேலைய நிறுத்திடுச்சுன்னே சொல்லலாம். பூம்புகார் தங்கச்சி சொன்ன கதை நாளைக்குப் புன்னைக்காயலுக்கும் வரலாம்.

ஏரல்காரன்:

வாத்தியார் சார், நிறுத்திட்டுன்னு சொல்லுதீக, 2023 டிசம்பர்ல என்ன நடந்துச்சு! காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் கடைத்தெரு முழுகி, ஜனங்க மொட்டைமாடியில நின்னாக. தண்ணி வடிஞ்ச பெறவு வீட்டுக்குள்ள, கடைக்குள்ள சேறு, அதை அள்ளவே ஆள் கெடைக்கல. வாழைத்தோட்டம் பூரா மண்ணு மேவி கெடந்துச்சு.

வாய்க்கால்_வாத்தியார்:

அது உண்மைதான் தம்பி, அந்த வெள்ளத்துல பாதி அணைக்குக் கீழ பெஞ்ச மழை. குளமெல்லாம் உடைஞ்சு வந்த தண்ணி. நான் சொன்னது வருசா வருசம் வர்ற மண்ணு. எப்பவாச்சும் ஒரு பெருவெள்ளம் வந்து ஒரே ராத்திரியில கொட்டுறது வேற கணக்கு.

மண்வாசி:

ரெண்டு பேர் சொன்னதும் சேத்துப் பாத்தா, உங்க கடையில அள்ளின சேறுதான் டெல்டா கட்டுற செங்கல் தம்பி. இந்த மாதிரி பெருவெள்ளம் நூறு வருசத்துல ஒன்னு ரெண்டு வந்தாலே போதும், ரெண்டாயிரம் வருசத்துல கொற்கையோட பழைய தெருவெல்லாம் கீழ போயிடும். இன்னொன்னு, வெள்ளம் போன பாதையை யாராச்சும் ட்ரோன்ல எடுத்திருந்தா பத்திரமா வைங்க. ஆறு அன்னைக்கு எந்தப் பள்ளத்துல ஏறி ஓடுச்சோ அதுல சிலது பழைய ஆத்துப் பாதையா இருக்கும்.

சென்னை_கார்த்தி:

சரி, அப்ப கடலுக்கடியில தேடறதே வேஸ்ட்டா? சும்மா கேக்கறேன், கோவப்படாதீங்க.

மண்வாசி:

வேஸ்ட் இல்ல. முழுகின கப்பல் கிடைக்கலாம், பனியுகத்துல ஓடின பழைய ஆத்துப் பாதை கடல் தரையில தெரியலாம், அது ஜியாலஜிக்கு நல்ல விசயம். ஆனா பாண்டியனோட கொற்கையைத் தேடறவங்க கடலுக்குள்ள தேடினா கிடைக்காது, அது தரையில வாழைக்கு அடியில இருக்கு. என் கையில காசு குடுத்தா, கொற்கையில இருந்து முக்காணி, பழையகாயல் வழியா புன்னைக்காயல் வரைக்கும் நேர்கோட்டுல துளை போட்டு மண்ணு எடுப்பேன். ஒவ்வொரு துளையிலயும் கருப்புக் களி எந்த ஆழத்துல முடியுது, மேல வண்டல் எப்ப ஆரம்பிச்சதுன்னு தேதி பாத்தா, கடற்கரை எந்த நூற்றாண்டுல எங்க நின்னுச்சுன்னு கோடு போட்டுக் காட்டிடலாம். கப்பல் வச்சு கடல்ல தேடற செலவுல கால்வாசிகூட ஆகாது.

காயல்_மரைக்கான்:

இன்னொரு விசயம் யாரும் சொல்லல. கொற்கை, காயல், புன்னைக்காயல்னு ஆத்து முகத்துலயே துறைமுகம் வச்சு வச்சு மூணு தடவை மண்ணு மூடின பெறவு, கடைசியா ஜெயிச்சது தூத்துக்குடி. அது ஆத்து முகத்துலயே இல்ல. முயல் தீவு, வான் தீவுன்னு முன்னாடி தீவுங்க மறைப்பா நிக்குது, மண்ணு கொட்ட பெரிய ஆறு கிடையாது. டச்சுக்காரன் 1658ல புடிச்சப்ப அதை விடாம வச்சுக்கிட்டதுக்கு இதுவும் காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

தாழிக்காடு:

அடடா, இதுதான் இந்த இழையிலயே நல்ல பாயிண்ட். ஆத்து முகத்துல இருந்தா உள்நாட்டுச் சரக்கு சுலபமா வரும், ஆனா ஆறே மூடிரும். ஆத்தை விட்டு வெலகினா மூடாது, ஆனா சரக்கை வண்டியில கொண்டு வரணும்.

ஏரல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மரைக்கான் காக்கா, காயல் சண்டையை அடுத்த இழையில வச்சுக்கிடுவோம். அண்ணாச்சி, உமரிக்காட்டுல எங்க சித்தப்பா இந்தக் கோடையில கிணறு ஆழப்படுத்தப் போறாவ. நான் என்ன பண்ணணும்?

மண்வாசி:

ஒவ்வொரு மண்ணும் மாறற இடத்துல தரையில இருந்து எத்தனை அடின்னு டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க, பக்கத்துல அளவுகோல் வச்சு போட்டோ எடுங்க. சிப்பி வந்தா கழுவாம அந்தக் களியோடயே பிளாஸ்டிக் பையில போட்டு ஆழத்தை எழுதி ஒட்டுங்க. கழுவினா நுண்ணுயிர் ஓடெல்லாம் போயிரும். பானை ஓடு, செங்கல், காசு ஏதாச்சும் வந்தா வெட்டறதை நிறுத்திட்டு தாசில்தாருக்கு தகவல் சொல்லுங்க, 1878 புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மறைச்சா கேஸ் ஆகும்.

ஏரல்காரன்:

தாசில்தாருன்னா சித்தப்பா கிணறே வேண்டாம்பாவ. சிப்பி வரைக்கும்னா பேசிப் பாக்கேன்.